கடலுணவும் பிற்பகல் தேநீரும்: விடுதி உணவகத்திற்கு முதன்முறை செல்பவருக்கான வழிகாட்டி

தங்கும் விடுதிக்குள் இயங்கும் உணவகத்தில் அங்கே அறை எடுத்தவர்கள்தான் சாப்பிட முடியும் என்று எண்ணி, வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் பலர் உண்டு. பெரும்பாலான விடுதிகள் வெளியாரையும் வரவேற்கின்றன. கடலோரத்தில் அமைந்தவை, அந்தக் கரையில் கிடைக்கும் மீன், நண்டு, இறால் ஆகியவற்றை மதியத்திலும் இரவிலும் பரிமாறுகின்றன. இடைப்பட்ட மூன்று மணி முதல் ஐந்து மணி வரையிலான பொழுதில் பிற்பகல் தேநீருக்கு அதே கூடத்தையோ முகப்புக் கூடத்தையோ ஒதுக்குகின்றன. இடமும் ஊழியர்களும் ஒன்றேயானாலும், இவ்விரண்டு உணவுகளின் இயல்பு வேறு. கடலுணவு அன்றன்றைய வரவைப் பொறுத்தது; வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போவதில் பயனில்லை, அங்கே போய்க் கேட்டறிந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிற்பகல் தேநீர் முழுவதும் முன்பே வகுக்கப்பட்டது. அதில் நாம் தேர்ந்தெடுப்பதற்கு அதிகமில்லை, அவசரப்படாமல் இருந்தாலே போதும். முன்னதற்குக் கேட்கத் தெரிய வேண்டும், பின்னதற்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

எப்போது போவது

முதல் அறிவுரை: இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிற்பகல் தேநீரோடு வரும் சிற்றுண்டிகளை மூன்று தட்டுள்ள அடுக்கில் வைத்துத் தருவார்கள். ஒருவருக்கான தேநீர் அடுக்கில் நான்கைந்து சிறு சாண்ட்விச்சுகளும், ஸ்கோன் எனப்படும் சிறிய பன் போன்ற ரொட்டிகள் இரண்டும், மூன்று நான்கு இனிப்புகளும் இருப்பது வழக்கம். பார்வைக்குச் சிறியவையாகத் தெரியும் இவை வெண்ணெயும் கிரீமும் சேர்ந்தவை என்பதால், இரவு எட்டு மணிக்கும் பசி எடுக்காது. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், மதிய உணவைத் தவிர்த்துவிட்டு மூன்று மணிக்குத் தேநீருக்கு அமர்ந்து, கடலுணவை இரவின் கடைசி வேளைக்குத் தள்ளிவைப்பது ஓரளவு சரிவரும்.

இரண்டு நாள் இருந்தால் கடலுணவுக்கு மதிய வேளையே உகந்தது என்பது என் எண்ணம். கூட்டம் குறைவாக இருப்பதால் ஊழியர்களுக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். முழுமீனிலிருந்து முள்ளைப் பிரித்தெடுக்கப் பகல் வெளிச்சமும் இருக்கும். இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் முள் தேடிச் சாப்பிடுவது அழகான காட்சியாக இருக்கலாம், ஆனால் நிம்மதியான சாப்பாடாக இராது.

முன்பதிவைத் தொலைபேசியில் செய்வது நல்லது, ஏனெனில் இணையப் படிவத்தில் கேட்க முடியாத சில செய்திகளை அப்போது கேட்டுவிடலாம். பிற்பகல் தேநீருக்குப் பல இடங்களில் ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டியிருக்கும். வருவோரின் எண்ணிக்கையைப் பார்த்தே ஸ்கோன்களைச் சுடுகிறார்கள். ஒரு மேசையை ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரைதான் தருவார்கள் என்பதால், கடைசி அமர்வைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தாமதமாகப் போனால் கெண்டியில் தேநீர் இறங்குவதற்குள் விளக்கை அணைக்கத் தொடங்கிவிடுவார்கள். கடலுணவுக்கு முன்பதிவு செய்யும்போது, பெரிய சிங்கி இறால், உயிர் நண்டு போன்றவற்றை முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டுமா என்று கேளுங்கள். யாருக்கேனும் ஒவ்வாமை இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். உடையைப் பொறுத்தவரை, கடற்கரையிலிருந்து நேராக ஈர உடையோடும் ரப்பர் செருப்போடும் போகாமல் இருந்தால் அநேகமாக எங்கும் சிக்கல் வராது. கட்டுப்பாடு கூடுதலான இடமாக இருந்தால் அவர்களே தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள்.

சில விடுதிகளில் வாரத்தில் ஒரு நாள் கடலுணவு பஃபே வைப்பார்கள். அப்படிப்பட்ட நாளில் போனால் தொடக்க நேரத்திலேயே போய்விட வேண்டும். குளிர்ந்த இறாலும் நண்டும் பனிக்கட்டியின் மேல் கிடப்பதாக இல்லாமல் அதற்குள் பாதி புதைந்திருக்கிறதா, பனி உருகி நீராகத் தேங்கிய தட்டை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். சூடான பாத்திரங்களில் ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்த கடலுணவைத் தொடாமல் விடுவதே நல்லது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுகின்றன.

மேசையில் அமர்ந்தபின்

நாப்கின் துணியை மடியில் விரித்துக்கொள்ளுங்கள்; கரண்டிகளை வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக ஒவ்வொரு உணவுக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய முனையோடு அகலமாக இருப்பது மீன் கத்தி. மீன் தசை இதழிதழாகப் பிரியக்கூடியது, அதை அறுக்கத் தேவையில்லை, தூக்கிப் பிரித்தால் போதும் என்பதால்தான் அதற்குக் கூர்மை வைக்கவில்லை. மேசை ஒழுங்கு பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதில் தவறு செய்தாலும் யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அதனால் உங்கள் மீனின் சுவை குறையாது.

இன்று எது வந்திருக்கிறது?

உணவுப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே பரிமாறுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. ‘நல்ல மீன் எது?’ என்று கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கும் என்ற பதில்தான் வரும். ‘இன்று உள்ளூர்ப் படகிலிருந்து வந்தது எது? எப்போது வந்தது? எது வளர்ப்பு மீன், எது உறைய வைத்தது?’ என்று தனித்தனியாகக் கேட்டால், தெரிந்தவர் உடனே சொல்வார், தெரியாதவர் சமையலறைக்குப் போய்க் கேட்டுவந்து சொல்வார். இரண்டும் நல்ல அறிகுறிகளே. கேள்வியைக் கேட்டு எரிச்சலடையும் இடத்தில் பச்சையாகப் பரிமாறப்படும் எதையும் வாங்காதீர்கள்.

‘உள்ளூர்க் கடலுணவு’ என்று பட்டியலின் தலைப்பில் எழுதியிருப்பதால் அதிலுள்ள எல்லாமே உள்ளூரில் பிடிபட்டவை என்று கொள்ள முடியாது. சால்மன் குளிர்ந்த நீரில் வாழும் மீன். வெப்பமான கடலோரத்தில் அது பட்டியலில் இருந்தால், அது வேறெங்கிருந்தோ வந்தது, பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது என்று ஊகித்துவிடலாம். பண்ணை மீனோ இறாலோ தரக்குறைவானது என்று பொருளில்லை. ஆனால் அந்தக் கரையின் சுவையை அறியப் போனவருக்கு அது அன்றைய தேர்வாக இருக்க வேண்டியதில்லை. கடல் கொந்தளிப்பாக இருந்து படகுகள் போகாத நாள்களிலும், இனப்பெருக்கக் காலத்தையொட்டிய தடை நாள்களிலும் உள்ளூர் வரவு குறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பட்டியல் மட்டும் எல்லா நாளும் மாறாமல் நீளமாகவே இருந்தால், உறைபெட்டி உதவிக்கு வருகிறது என்று அறியலாம்.

உறைய வைத்த மீன் என்றவுடன் முகம் சுளிக்கவும் வேண்டாம். பிடித்த சில மணி நேரத்திற்குள் படகிலேயே உறைய வைத்த மீன், ‘புதியது’ என்ற பெயரில் நான்கைந்து நாள் பனிக்கட்டியில் கிடந்த மீனைவிடப் பல வேளைகளில் மேலானது. உறைய வைத்ததை அப்படியே சொல்லிவிடும் உணவகத்தின் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

மீன்களைப் பனிக்கட்டியில் அடுக்கிவைத்துக் காட்டும் உணவகமாக இருந்தால் எழுந்துபோய்ப் பாருங்கள். கண்கள் உப்பித் தெளிவாக இருக்க வேண்டும். குழிவிழுந்து வெளுத்திருந்தால் நாளாகிவிட்டது. செவுளைத் திறந்து காட்டச் சொன்னால் அது சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருக்கக் கூடாது. மணத்தைப் பொறுத்தவரை, நல்ல மீனில் கடல் மணமே வரும். மீன் நாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாளான மீனின் மணம். கடல் மீன்கள் உப்பு நீரில் தம் உடலைச் சமனாக வைத்துக்கொள்ள உதவும் ஒரு சேர்மத்தைத் தசையில் வைத்திருக்கின்றன. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமீன் என்ற ஆவியாகும் பொருளாக மாற்றுகின்றன, அதுதான் மூக்கைத் துளைக்கிறது. எலுமிச்சைச் சாற்றின் அமிலம் அந்தப் பொருளோடு சேர்ந்து அதை ஆவியாகவிடாமல் செய்துவிடும். மீனோடு எலுமிச்சைத் துண்டு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, தட்டு வந்தவுடன் பிழிந்துவிடாமல் முதல் வாயை எலுமிச்சை இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள். மீனின் உண்மை நிலை அப்போதுதான் தெரியும்.

சமைக்கும் முறையையும் மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளைத் தசையுள்ள மென்மையான மீனுக்கு ஆவியோ மெல்லிய வறுவலோ பொருந்தும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மீன்கள் கனலில் வாட்டினால் சிறக்கும். கணவாயை ஓரிரு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், அல்லது நெடுநேரம் குழம்பில் கொதிக்கவிட வேண்டும். இடைப்பட்ட நேரம் எதுவானாலும் ரப்பர்போல் ஆகிவிடும். இறால் அரைவட்டமாக வளைந்திருந்தால் பக்குவம், தலையும் வாலும் தொடும் அளவுக்குச் சுருண்டிருந்தால் வேக்காடு மிஞ்சிவிட்டது. புதிதாகப் போகும் உணவகத்தில், மசாலாவும் சாஸும் அதிகமில்லாத ஓர் உணவை முதலில் வரவழைத்துப் பார்ப்பது என் வழக்கம். சரக்கு நன்றாக இருந்தால்தான் அதை எளிமையாகச் சமைத்துக் கொடுக்கத் துணிவார்கள்.

விலைக்குப் பதில் எடை எழுதியிருந்தால்

பட்டியலில் சில உணவுகளுக்கு நேரே தொகை இராது; ‘சந்தை விலை’ என்றோ ‘100 கிராமுக்கு’ என்று ஒரு தொகையோ இருக்கும். முதன்முறை போனபோது நான் தடுமாறியது இங்கேதான். 100 கிராமுக்கான தொகையை ஒரு தட்டுக்கான தொகை என்று படித்துவிட்டு, மூவருக்கு ஒரு பெரிய முழுமீனைச் சொன்னேன். வந்தது ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். பில்லைப் பார்த்தபின் மேசையில் யாரும் இனிப்பைப் பற்றிப் பேசவில்லை. உணவகத்தின்மீது குற்றமில்லை, சிறிய எழுத்தில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள்.

எடை போட்டு விற்கும் எதையும் சமைப்பதற்கு முன் கொண்டுவந்து காட்டச் சொல்லி, எடையையும் மொத்தத் தொகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். இது அநாகரிகமில்லை, நல்ல உணவகங்களில் கேட்காமலேயே செய்வார்கள். எடை சமைப்பதற்கு முந்தையது, தலையும் முள்ளும் சேர்ந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முழுமீனில் ஏறத்தாழப் பாதியளவுதான் உண்ணக் கிடைக்கும். ஆகவே ஒருவருக்கு 400 கிராம் என்ற கணக்கு பொருந்தும். ஓடுள்ளவற்றில் கழிவு இன்னும் அதிகம்; நண்டிலும் சிங்கி இறாலிலும் எடையின் பெரும்பகுதி ஓடாகவே போய்விடும். பசியோடு போனவர் நண்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

ஒவ்வாமையும் பச்சை உணவும்

கடலுணவு ஒவ்வாமை என்பது ஒரே வகையானதன்று. மீன், இறால் நண்டு போன்ற ஓட்டுக்கணுக்காலிகள், சிப்பி கணவாய் போன்ற மெல்லுடலிகள் என மூன்று தனிக் கூட்டங்கள் உண்டு. ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம், உணவு விற்பவர்கள் தெரிவித்தாக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் இம்மூன்றையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. எனவே ‘கடலுணவு ஆகாது’ என்று பொதுவாகச் சொல்லாமல், எது ஆகாது, சிறிதளவு பட்டாலே ஆபத்தா என்று தெளிவாகச் சொல்லுங்கள். மீனும் இறாலும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படுகின்றனவா என்று கேட்க மறந்துவிடாதீர்கள். ஆய்ஸ்டர் சாஸ், மீன் சாஸ், நெத்திலி சேரும் வூஸ்டர் சாஸ் ஆகியவை, பெயரில் கடலுணவே இல்லாத உணவுகளிலும் கலந்திருக்கும்.

இந்த எச்சரிக்கை தேநீர் அடுக்குக்கும் பொருந்தும். அதன் கீழ்த்தட்டில் இருக்கும் சாண்ட்விச்சுகளில் புகையூட்டிய சால்மனோ இறாலோ இருப்பது மிகவும் வழக்கம். கடலோர விடுதிகளில் நண்டுச் சதையையும் வைப்பார்கள். எல்லாம் ஒரே தட்டில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும் என்பதால், ஒவ்வாமை உள்ளவருக்கும் சைவ உணவு உண்பவருக்கும் தனி அடுக்கு வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். மேல்தட்டின் மூஸ், ஜெல்லி வகைகளில் விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் சேர்வதுண்டு. சைவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

பச்சையாக உண்பதில், மீனுக்கும் சிப்பிக்கும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். பச்சை மீனில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழுக்களை, மைனஸ் 20 டிகிரி செல்சியசில் ஏழு நாள் உறைய வைப்பதன் மூலம் கொன்றுவிடலாம். ஆகவே, பச்சை மீன் விஷயத்தில் ‘உறைய வைத்தீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்பதே நல்ல பதில். ஆய்ஸ்டர் எனப்படும் சிப்பியின் நிலை வேறு. அது நீரை வடிகட்டி உணவெடுக்கும் உயிரி. வளர்ந்த சிப்பி ஒன்று உகந்த சூழலில் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்ட வல்லது. அந்நீரில் இருக்கும் கிருமிகளும் அதன் உடலில் சேர்ந்துவிடுகின்றன. ஆங்கில மாதப் பெயரில் ‘ஆர்’ எழுத்து இல்லாத மே முதல் ஆகஸ்ட் வரை சிப்பி உண்ணாதே என்ற பழைய விதி, வடகோளத்தின் வெப்ப மாதங்களை வைத்துப் பிறந்தது. நீர் சூடேறும்போது கிருமிகள் பெருகும் என்பதில் அதற்கு இன்றும் பொருள் இருக்கிறது. எலுமிச்சைச் சாறோ காரமான சாஸோ கிருமிகளைக் கொல்லாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் பச்சைச் சிப்பியை அறவே தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களும் ஆகா, அவற்றில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்களைக் குளிரூட்டாமல் வைத்திருந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லைகளைத் தரும் பொருள் உருவாகிவிடும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. மிளகு போடாத மீன் நாக்கில் மிளகுபோல் சுருக்கென்று எரிந்தால் அந்தக் கவளத்தோடு நிறுத்திவிட்டுப் பரிமாறுபவரை அழையுங்கள். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு தோன்றக்கூடும். மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

முள்ளும் ஓடும்

முழுமீன் வந்ததும் அதைப் புரட்டிப்போடாதீர்கள். நடுமுள் ஓடும் கோட்டில் கத்தியால் தலையிலிருந்து வால்வரை ஒரு கீறல் போட்டு, மேற்பக்கத் தசையை முதுகுப்புறமாகப் பாதியும் வயிற்றுப்புறமாகப் பாதியும் தள்ளி எடுத்துச் சாப்பிடுங்கள். மேற்பக்கம் முடிந்ததும் வாலை முட்கரண்டியால் தூக்கினால், நன்றாக வெந்த மீனில் நடுமுள் தலையோடு சேர்ந்து ஒரே சீப்பாகக் கழன்றுவரும். அதைத் தனித் தட்டில் வைத்துவிட்டால் கீழ்ப்பக்கத் தசை முழுதாகக் கிடைக்கும். நடுமுள் பிரிய மறுத்து அதையொட்டிய தசை இன்னும் கண்ணாடிபோல் இருந்தால் வேகவில்லை என்று திருப்பி அனுப்பலாம். வயிற்றுப் பகுதியின் வளைந்த முட்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்து எடுப்பதே பாதுகாப்பு. தயக்கமாக இருந்தால், மேசையருகிலேயே முள் நீக்கித் தரும்படி பரிமாறுபவரைக் கேளுங்கள். அவர்களுக்கு அது பழகிய வேலை. தொண்டையில் முள் சிக்கிவிட்டால் எதையாவது உருட்டி விழுங்கி அதைத் தள்ள முயல வேண்டாம், முள் இன்னும் ஆழமாக இறங்கக்கூடும். வலி நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் ஓடு உடைக்கும் இடுக்கியும் நீண்ட மெல்லிய முட்கரண்டியும் தருவார்கள். கொடுக்கின் நடுவில் இடுக்கியை வைத்து, ஓடு விரிசல் விடும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள்; ஓங்கி நசுக்கினால் ஓட்டுத் துணுக்குகள் சதையோடு கலந்துவிடும், எதிரில் இருப்பவர் சட்டையிலும் தெறிக்கும். மஸ்ஸல் எனப்படும் கருப்பு ஓட்டுச் சிப்பி வகைக்குக் கருவியே தேவையில்லை: முதல் ஓட்டைக் காலி செய்தபின் அதையே இடுக்கிபோல் பிடித்து அடுத்தவற்றின் சதையைப் பறித்தெடுக்கலாம். இவற்றையெல்லாம் கையால் உண்பதே முறை, வெட்கப்பட ஒன்றுமில்லை. எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் விரல் கழுவுவதற்கானது, குடிப்பதற்கானதன்று. சமைத்த நண்டும் சிங்கி இறாலும் செக்கச்செவேல் என்றிருப்பது சாயம் போட்டதால் இல்லை. ஓட்டிலுள்ள சிவப்பு நிறமியை உயிரோடிருக்கும்போது ஒரு புரதம் பிடித்து மறைத்துவைத்திருக்கும். சூட்டில் அந்தப் புரதம் சிதைந்ததும் நிறம் வெளிப்படுகிறது.

பிற்பகல் தேநீர்

மதிய உணவுக்கும் மிகத் தாமதமான இரவு உணவுக்கும் இடையே உண்டான சோர்வைப் போக்க, இங்கிலாந்தில் 1840களையொட்டிப் பெட்ஃபோர்டு கோமகளான ஆனா தேநீரையும் ரொட்டியையும் வரவழைத்துக்கொண்டதில் இந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. சில விடுதிகள் பகட்டுக்காக இதை ‘ஹை டீ’ என்று எழுதுகின்றன. அது உண்மையில் உழைப்பாளர் குடும்பங்களில் வேலை முடிந்து வந்து, உயரமான சாப்பாட்டு மேசையில் அமர்ந்து உண்ட மாலைச் சாப்பாடு. இறைச்சியும் ரொட்டியுமாக வயிறு நிறைய உண்பது. பட்டியலில் ‘கிரீம் டீ’ என்று இருந்தால் தேநீர், ஸ்கோன், ஜாம், கிரீம் மட்டுமே வரும். அதிகம் பசியில்லாதவருக்கு அதுவே போதும், செலவும் குறையும்.

தேநீரைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் பொறுப்பில் விடப்படும் ஒரே காரியம். பாலோடு குடித்துப் பழகியவர்கள் அஸ்ஸாம் தேயிலையைக் கேட்கலாம், அதன் அழுத்தமான சுவை பாலைத் தாங்கும். டார்ஜிலிங்கின் முதல் பறிப்புத் தேயிலையில் பால் ஊற்றினால் அதன் பூமணம் அடங்கிவிடும். ஏர்ல் கிரே என்பது பெர்கமோட் என்ற நாரத்தை இனப் பழத்தின் எண்ணெய் மணம் ஏற்றிய தேயிலை. பைன் விறகுப் புகையில் உலர்த்திய லாப்சாங் சூசோங் தேயிலை எல்லாருக்கும் பிடித்துவிடாது. ஆனால் புகையூட்டிய சால்மன் சாண்ட்விச்சோடு அதைக் குடித்துப் பார்க்கலாம். எலுமிச்சையும் பாலும் ஒரே கோப்பையில் சேரக் கூடாது, பால் திரிந்துவிடும். மாலையில் தேநீர் குடித்தால் தூக்கம் கெடும் என்பவர்கள் கெமோமில் போன்ற மூலிகை வடிநீரைக் கேட்கலாம், அதில் கஃபீன் இல்லை.

கெண்டி மேசைக்கு வந்ததும் ஊற்றிவிடக் கூடாது. கருந்தேயிலை கொதிக்கும் நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். பச்சைத் தேயிலைக்கு 75, 80 டிகிரி நீரும் இரண்டு மூன்று நிமிடமும் போதும். அதனால்தான் சில இடங்களில் மேசையில் ஒரு மணற்கடிகாரத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். மணல் விழுந்து முடியும்வரை பொறுத்திருந்து, வடிகட்டியைக் கோப்பையின் மேல் வைத்து முதலில் மற்றவர்களுக்கு ஊற்றுங்கள். இலைகள் கெண்டியிலேயே ஊறிக்கொண்டிருந்தால் இரண்டாவது கோப்பை துவர்க்கும். கூடவே கொண்டுவந்து வைக்கும் வெந்நீர்ச் சாடி அதைத் தளர்த்துவதற்கானது. புதிய கெண்டி கேட்டால் கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் இல்லை, ஆனால் எல்லா இடங்களிலும் இல்லை என்று சொல்ல முடியாது. கோப்பையைப் பிடிக்கும்போது சுண்டுவிரலை நீட்டுவது நாகரிகம் என்பது படங்களைப் பார்த்துப் பரவிய நம்பிக்கை.

மூன்றடுக்கில் கீழிருந்து மேலாகப் போவது வழக்கம்: காரமும் உப்புமான சாண்ட்விச்சுகள் கீழே, ஸ்கோன்கள் நடுவில், இனிப்புகள் மேலே. விளிம்பு நறுக்கிய ரொட்டி காற்றுப் பட்டால் விரைவில் காய்ந்துவிடும் என்பதால் இந்த வரிசையில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஸ்கோன் துணியில் பொதிந்து சூடாக வந்தால் மட்டும் வரிசையை மீறி அதை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். ஆறிய ஸ்கோனைக் காட்டிலும் சூடான ஸ்கோனுக்கே கிரீம் பொருந்தும். ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் இடுப்புப்பகுதியில் கையால் பிளந்து, ஒவ்வொரு வாய்க்கும் வேண்டிய அளவு ஜாமும் கிளாட்டட் கிரீம் எனப்படும் கெட்டியான கிரீமும் தடவிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கிரீம் மேல் ஜாம் வைப்பார்கள், பக்கத்திலுள்ள கார்ன்வாலில் ஜாம் மேல் கிரீம் வைப்பார்கள். இரு தரப்பாரும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. நீங்கள் எந்த வரிசையில் வைத்தாலும் உடன்பட ஒரு மாவட்டம் இருக்கிறது.

பில்லும் மீதமும்

குறை இருந்தால் இரண்டு வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். அம்மோனியா வாடை அடிக்கும் மீனையோ மணல் நெறிபடும் சிப்பியையோ பாதி சாப்பிட்டுவிட்டுப் பில் வரும்போது முறையிட்டால் யாருக்கும் பதில் சொல்ல இயலாது. முதலில் பரிமாறுபவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள், மேலாளரை அழைப்பது அதற்குப் பிறகு. பில்லில் எடை, வரி, சேவைக் கட்டணம் ஆகிய மூன்றையும் பாருங்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அதற்கு மேல் அன்பளிப்பு கொடுப்பது உங்கள் விருப்பம்.

மிஞ்சியதைக் கட்டித்தரச் சொல்வதில் தவறில்லை, ஆனால் எல்லாவற்றையும் எடுத்துப்போக முடியாது. சமைத்த கடலுணவு வெளி வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருக்கக் கூடாது; 32 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். நேராக வீட்டுக்கோ குளிர்பெட்டி உள்ள அறைக்கோ போவதாக இருந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தேநீர் அடுக்கில் மீன், முட்டை, கிரீம் சேர்ந்தவற்றுக்கும் இதே கணக்குத்தான். கிரீம் தடவாத ஸ்கோன்களையும் உலர்ந்த கேக்குகளையும் பெட்டியில் கேட்டு வாங்கலாம். மறுநாள் காலை அடுப்பில் சில நிமிடம் வைத்து எடுத்தால் ஸ்கோன் மீண்டும் இளகிவிடும். ஜாமுக்குத் தனியாக ஒரு சிறு கிண்ணம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.